ஓட்டை விழுந்த கீரை

இதெல்லாம் நடந்தது சாந்தோம் பக்கத்துத் தெருக்களில் மழைத் தண்ணீர் முழங்கால் வரை நின்ற வருஷத்திலா, அதற்கு அடுத்த வருஷத்திலா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வெள்ளத்துக்கு அப்புறம்தான் என்று ஜொவிட்டா சொல்வாள். அதற்கு முன்னால் என்பான் அவள் புருஷன் ஸ்டீவ். சிலதை அவர்கள் சொல்லிக் கேட்டேன், சிலதை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன், மிச்சம் இரண்டுக்கும் நடுவில் தானாக வளர்ந்துவிட்டது. தவக்காலத்தில் நடந்தது என்பது மட்டும் நிச்சயம். ஏனென்றால் பிரச்சினையே பெரிய வெள்ளிக்கிழமைக் கஞ்சியைப் பற்றித்தான்.

கோயிலுக்குப் பின்பக்கத்துச் சந்தில், கடல் காற்றில் ஜன்னல் கம்பிகள் துருவேறிப்போன ஒரு மாடி வீடு. கட்டியவர் ஆரோக்கியநாதன், பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு பிள்ளைகள் இரண்டு பேரும் பேசி முடித்தார்கள். மாடி மூத்தவன் மேத்யூவுக்கு, கீழ்வீடு இளையவன் ஸ்டீவுக்கு, அப்பா கீழ்வீட்டில் இருப்பார், சாப்பாடும் அங்கேதான். அப்படியே பல வருஷம் ஓடியது. ஸ்டீவின் மனைவி ஜொவிட்டா வைக்கிற மீன் குழம்பு மாமனாருக்குப் பிடிக்கும், கீரைக் கடையல் அதைவிடப் பிடிக்கும். தட்டை வழித்து முடித்துவிட்டு, கையைக் கழுவாமல், ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். நன்றாக இருந்தது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கை காய்கிற வரைக்கும் அவர் அப்படி உட்கார்ந்திருப்பதே ஜொவிட்டாவுக்குப் போதும்.

மாடியில் இருந்த மேத்யூவின் மனைவி நோரா கணக்கு டீச்சர். திடீரென்று வேலையை விட்டாள். அச்சிறுபாக்கத்துக்குப் பக்கத்தில் அவளுடைய அண்ணன், தரிசாகக் கிடந்த நிலத்தைத் திருத்தி, மருந்தும் உர மூட்டையும் இல்லாமல் கீரை, கத்திரி, கொஞ்சம் நெல் என்று போட ஆரம்பித்திருந்தான். விளைந்ததைச் சனிக்கிழமைதோறும் கொண்டுவரச் செய்து, மாடியில் பிரித்துப் பைகளில் போட்டுப் கோயில் பங்கைச் சேர்ந்தவர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் விற்றாள் நோரா.

அதில் அவள் ஒரு விதி வைத்திருந்தாள். நிலத்துக்கு ஒரு தடவையாவது வந்து நின்று பார்த்தவர்களுக்குத்தான் பை. பங்கிலிருந்து மழைமலை மாதா கோயிலுக்கு வேன் வைத்துப் போகிறவர்கள் திரும்பி வரும் வழியில் அவள் அண்ணன் நிலத்தில் இறங்குவார்கள். கிணற்றை எட்டிப் பார்க்க வைப்பாள், சாணிக் குழியைக் காட்டுவாள், மண்ணைக் கையில் அள்ளச் சொல்வாள். "எங்க விளையுது, எந்தத் தண்ணியில விளையுதுன்னு தெரிஞ்சிக்காம வாங்கணும்னா கடையிலயே வாங்கிக்கலாமே, என்கிட்ட எதுக்கு?" என்பாள். சொல்கிறபோது டீச்சர் குரல் வந்துவிடும்.

அந்த விதி தனக்காகவே போடப்பட்டது என்று ஜொவிட்டா நம்பினாள். வேன் கிளம்புகிறது, இடம் இருக்கிறது, வருகிறவர்கள் வரலாம் என்று கோயில் வாசலில் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்ன நோரா, ஒரே வீட்டில் கீழே இருக்கிறவளிடம் வந்து, நீ வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூப்பிடாத வண்டியில் ஏறுகிற பழக்கம் ஜொவிட்டாவுக்கு இல்லை. ஆனால் மாமனார் ஏறினார். போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய், செருப்பில் செம்மண்ணோடு திரும்பி வந்தார். அவருக்கென்று எடுத்து வைத்திருந்த சோற்றை அவள் பரிமாறப் போனபோது வேண்டாம் என்று கை காட்டினார்.

"அங்கயே சாப்ட்டுட்டேன்மா. கீரை கடைஞ்சிருந்தாங்க."

அவ்வளவுதான் சொன்னார். அந்தச் சோற்றை அவள் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தாள். மறுநாள் தானே சாப்பிட்டாள்.

அதிலிருந்து சனிக்கிழமை என்றாலே அவளுக்கு வயிறு எரியும். மாடிப்படி அவள் வீட்டு வாசலை ஒட்டித்தான் ஏறுகிறது. எத்தனையோ வருஷமாக அவளிடம் குழம்புக்கு யோசனை கேட்டுக்கொண்டிருந்த பெண்கள், வெறும் பையோடு அவள் வாசலைத் தாண்டி ஏறிப் போவார்கள். இறங்கும்போது பையின் வாயிலிருந்து தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். "ஜொவி, நல்லா இருக்கியா?" என்று ஒரு குரல் கொடுப்பார்கள், நிற்க மாட்டார்கள். அவள் சமையலறையில் நின்றபடி, இப்போது ஏறினது யார், எவ்வளவு நேரம் மேலே பேசுகிறாள், எதற்குச் சிரிக்கிறாள் என்று காதை அங்கேயே வைத்திருப்பாள். பருப்பு அடிபிடித்ததுகூடத் தெரியாது. ஸ்டீவ் அடையாறில் ஒரு கல்லூரியில் லேப் வேலை பார்த்தான். சாப்பிட உட்கார்ந்தால், பருப்பில் தீய்ந்த வாடை வருவதைக் கண்டுகொள்ளாமல் பிசைவான். கண்டுகொள்ளாமல் இருப்பதே அவனுக்கு நல்லதாகப் பட்டது.

மாமனார் சனிக்கிழமை மத்தியானம் மாடிக்குப் போவது வழக்கமாகிவிட்டது. பிறகு புதன்கிழமையும் சேர்ந்துகொண்டது. மேலே ஒரு கரண்டி சாப்பிட்டு, கீழே வந்து, பசி அவ்வளவாக இல்லை என்பார். ஜொவிட்டா இன்னும் கொஞ்சம் நெய் விட்டுப் பார்த்தாள். வஞ்சிரம் வாங்கிப் பார்த்தாள். அவர் சாப்பிட்டார், ஆனாலும் புதன்கிழமை போவதை நிறுத்தவில்லை.

அவர்கள் அன்பியம் என்பது அந்தச் சந்திலும் அடுத்த சந்திலும் இருந்த குடும்பங்களின் ஜெபக் கூட்டம். பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதை முடிந்து வருகிற ஜனங்களுக்கு அந்த அன்பியம்தான் கஞ்சி ஊற்றும். உடைத்த பச்சைப்பயறும் முளைக்கீரையும் போட்ட கஞ்சி. அண்டாவுக்கு முன்னால் நிற்பது ஜொவிட்டா. அதை யாரும் அவளுக்கு எழுதிக் கொடுக்கவில்லை, ஆனால் அது அவளுடைய இடம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அந்த வருஷக் கூட்டத்தில் நோரா, கஞ்சிக்கு அண்ணன் வயல் அரிசி தருகிறேன் என்றாள். உடனே யாரோ, அப்படியானால் கீரையும் நீயே கொண்டு வந்துவிடேன், நல்ல கீரையாகப் போடலாம் என்றார்கள். நல்ல கீரை என்ற சொல் ஜொவிட்டாவின் நெஞ்சில் போய் நின்றது. அப்படியென்றால் இத்தனை வருஷம் போட்டது? இன்றைக்குக் கீரை என்றால் நாளைக்குக் கரண்டியும் கை மாறும் என்று அவளுக்குத் தோன்றியது. யோசிப்பதற்குள் வாய் பேசிவிட்டது.

"கீரைக்கு எனக்கும் ஒரு ஆள் இருக்காரு. மருந்தே அடிக்காதது. இனிமே சனிக்கெழமை நம்ம வீட்லயும் கிடைக்கும். யாரும் எங்கயும் வந்து பாக்க வேணாம், வாசல்ல வந்தாப் போதும்."

அப்படி ஒரு ஆள் அவளுக்கு இல்லை. மயிலாப்பூர் மாட வீதிக் கடைகளுக்கு விடியும் முன்னே சின்ன வண்டியில் கீரைக் கட்டு கொண்டுவந்து போடும் ஃபைசானைத்தான் தெரியும். வழக்கமாகக் கீரை வாங்கும் கடையில் அவனைப் பிடித்தாள். மருந்து அடிக்காத கீரை கிடைக்குமா என்று கேட்டாள். அவன் சிரித்தான்.

"அக்கா, நம்ம கீரைய கண்ணாடியா வெச்சு மூஞ்சிக்குப் பவுடர் போடலாம், அப்டி பளபளன்னு கீது. உனக்கு இன்னா பேர் வெச்சு விக்கணுமோ வெச்சுக்கோ. நான் வாசல்லயே எறக்கிடறேன்."

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது பதில் வந்துவிடும் என்ற பயம் இருந்திருக்க வேண்டும்.

முதல் சனிக்கிழமை, கட்டுகளை வாசலில் ஈரச் சாக்கின் மேல் அடுக்கி வைத்தாள். ஒரு இலைகூட வாடாமல், ஒரே பச்சையாக நின்றது கீரை. தெப்பக்குளம் பக்கத்திலிருந்து நோராவிடம் வாங்க வருகிற விசாலாக்ஷி மாமி படி ஏறப்போனவள் நின்றாள். மாமிக்கு மூட்டு வலி. படி ஏறாமல் இருக்க முடிந்தால் அவளுக்கு அது பெரிய விஷயம். ஒரு கட்டை எடுத்து மூக்கின் அருகே கொண்டுபோய், பிரித்து, வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"ஏண்டி ஜொவிட்டா, ஒரு ஓட்டைகூட இல்லையே. நோராவோடதுல பூச்சி தின்னுட்டுப் போயிருக்கும். அதான் எங்காத்துல எல்லாரும் நம்பிச் சாப்பிடறா. பூச்சி தொடாததை மனுஷா எப்படித் தொடறது?"

கட்டை வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மாடி ஏறினாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அதையே பார்த்தார்கள், அதையே சொன்னார்கள். அன்று சாயங்காலம் வாடிய கீரை முழுவதையும் ஜொவிட்டா ஆய்ந்து கூட்டும் பொரியலுமாகச் செய்தாள். மூன்று பேர் சாப்பிட்டும் மீந்தது.

அடுத்த சனிக்கிழமை ஃபைசான் இறக்கிவிட்டுப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டாள். கொண்டை ஊசியை எடுத்து, விரித்து, ஒரு இலையில் குத்தினாள். சின்ன ஓட்டை. ஊசியைச் சுழற்றினாள், கொஞ்சம் பெரிதானது. தூரத்தில் பிடித்துப் பார்த்தால் பூச்சி தின்றது போலத்தான் இருந்தது. தரையில் காலை நீட்டிக்கொண்டு கட்டுக்கட்டாகப் பிரித்து, குத்தி, மறுபடி கட்டினாள். இந்த வேலையில் அவளுக்கு வெட்கமில்லை. ஒருவித உற்சாகம்கூட இருந்தது. மாடியில் நோரா நடக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஊசி வேகமாக இறங்கியது.

நிமிர்ந்தால் மாமனார் அறை வாசலில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவள் கையை மறைக்கவில்லை. அவர் மெல்ல வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேசை டப்பாவிலிருந்து பழைய காம்பஸை எடுத்து, ஒரு கட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவரும் குத்த ஆரம்பித்தார். டிராயிங் மாஸ்டர் கை. ஓரத்தில் இரண்டு, நடுவில் ஒன்று, நரம்பை விட்டுத் தள்ளி ஒன்று என்று பார்த்துப் பார்த்துப் போட்டார். காபி ஆறும் வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்து குத்திக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் அவளுக்கு அதைவிட நிறைவான காலை வாய்த்ததில்லை என்று பிற்பாடு அவளே சொல்லியிருக்கிறாள்.

ஸ்டீவ் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "டாடி, நீங்களுமா?" என்றான். பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

கீரை விற்றது. விசாலாக்ஷி மாமி ஓட்டைகளை ஆசையாகத் தடவிப் பார்த்து வாங்கிப் போனாள். வேனில் போக வேண்டாம், வெயிலில் வரப்பில் நிற்க வேண்டாம், படி ஏற வேண்டாம், ஓட்டையைப் பார்த்தால் போதும் என்றானதும் மாடிக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராகக் கீழேயே நின்றுவிட்டார்கள். மாமனாரும் புதன்கிழமை போவதை விட்டார். ஜொவிட்டா அவருக்கு அந்தக் கீரையை நாள்தோறும் கடைந்து போட்டாள். சாப்பிட்டுவிட்டுக் கை காயும் வரை உட்கார்ந்திருந்தார். மேலே சிரிப்புச் சத்தம் குறைந்தது. நோரா ஒரு நாள் பை நிறையக் கீரையை விற்காமல் கொண்டுபோய்க் கன்னியர் மடத்தில் கொடுத்ததை ஜொவிட்டா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அன்று பாயசம் வைத்தாள். என்ன விசேஷம் என்று ஸ்டீவ் கேட்டதற்கு, பால் மிச்சமிருந்தது என்றாள்.

பெரிய வெள்ளிக்கு முன் வரும் குருத்து ஞாயிறுக்கு முந்தின கூட்டத்தில், கஞ்சிக்குக் கீரை ஜொவிட்டாவுடையதே இருக்கட்டும் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நோராவும் தலையாட்டினாள்.

"எனக்கும் சரிதான். ஜொவி கீரையப் பத்தி எல்லாரும் அவ்ளோ சொல்றாங்க. வர்ற ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வேன் வெச்சு ஜொவியோட ஆள் நெலத்த ஒருவாட்டி பாத்துட்டு வந்துடலாமே? என் நெலத்த எல்லாரும் பாத்தாச்சு" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை ஜொவிட்டாவுக்குத் தெரியும். விடைத்தாளில் எங்கே தப்பு என்று கண்டுபிடித்துவிட்டு, பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்லும்போது வருகிற சிரிப்பு.

வேறு வழியில்லாமல் மறுநாள் விடிகாலையிலேயே ஃபைசான் வண்டியில் ஏறினாள் ஜொவிட்டா. பார்க்கும்படியான இடமாக இருந்தால் வேனை அங்கேயே கொண்டுபோகலாம், இல்லாவிட்டால் பேசிச் சரிக்கட்டலாம் என்று கணக்கு. வேளச்சேரியைத் தாண்டி, புதிது புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளைத் தாண்டி, பெயர் தெரியாத ஒரு ஏரியின் பின்பக்கத்தில் வண்டி நின்றது. இறங்கியதும் வாடைதான் முதலில் வந்தது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அடுக்குமாடிகளிலிருந்து வந்த சாக்கடை ஒரு வாய்க்காலாக ஓடியது. நுரை கட்டி நின்ற அந்தத் தண்ணீரில் குழாயை விட்டு, மோட்டார் வைத்துப் பாத்திகளுக்கு இறைத்துக்கொண்டிருந்தார்கள். பாத்திகளில் கீரை அத்தனை அழகாக நின்றது. அவள் வாசலில் அடுக்கிய அதே பச்சை. முதுகில் டப்பா கட்டிய ஒருவன் அதன் மேல் மருந்து அடித்துக்கொண்டு போனான்.

நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவள் சூடாமணி என்ற பெண். ஜொவிட்டா வயதுதான் இருக்கும். தலையில் துண்டு கட்டியிருந்தாள். வந்தவளைப் பார்த்து, கவிழ்த்த பக்கெட்டைத் தள்ளிப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"எப்ப அறுப்பீங்க இத?" என்று கேட்டாள் ஜொவிட்டா.

"நாளிக்கு."

"நாளைக்கு அறுக்கறதுக்கு இன்னிக்கு எதுக்கு மருந்து?"

"இன்னிக்கு அட்ச்சாத்தான் நாளிக்கு பூச்சி இல்லாம பளபளன்னு நிக்கும். ஒரு எலை ஓட்டையா போச்சுன்னா மார்க்கெட்ல மூட்டையோட திருப்பிடுவானுங்கோ. டவுன்ல ஓட்டை வுழுந்தா எவ வாங்கறா சொல்லு? நீ வாங்குவியா?"

ஜொவிட்டாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம் அது. வரவில்லை. பேச்சை மாற்ற அப்படி இப்படிப் பார்த்தவள் கண்ணில், குடிசையை ஒட்டி முள் அடைத்து வைத்திருந்த ஒரு சின்னப் பாத்தி பட்டது. அந்தக் கீரை குட்டையாக, பழுப்பும் பச்சையுமாக, இலைக்கு இலை பூச்சி அரித்து நின்றது.

"அது ஏன் அப்படிக் கெடக்குது? அதுக்கு மருந்து அடிக்கலியா?"

"அதுக்கு எதுக்கு?" என்றாள் சூடாமணி, இதென்ன கேள்வி என்பது போல. "அத நாங்கதான துன்றோம். அதுக்கு இந்தத் தண்ணியும் வுட மாட்டேன். தெருக் கொழாயில மொண்டாந்து ஊத்துவேன்."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு மோட்டாரைப் பார்க்கப் போனாள். குற்றம் செய்கிறோம் என்ற எண்ணமோ, செய்யவில்லை என்ற வீம்போ அந்தக் குரலில் இல்லை. ஜொவிட்டா பக்கெட்டின் மேல் உட்கார்ந்தபடியே இருந்தாள். மாமனார் தட்டை வழித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. விசாலாக்ஷி மாமி, ஸ்டீவ், சிலுவைப் பாதை முடிந்து ஓலைத் தொன்னையோடு வரிசையில் நிற்கப்போகும் கைக்குழந்தைக்காரிகள். கிளம்பும்போது சூடாமணி முள்ளை விலக்கி, தன் பாத்தியிலிருந்து ஒரு பிடி கிள்ளிக் கொண்டுவந்து கொடுத்தாள். "இவ்ளோ தூரம் வந்து பாத்துட்ட. வெறும் கையோட அனுப்ப மனசு வர்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பு பற்ற வைக்கவில்லை. மாமனார் தட்டைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். பசி நேரம் தாண்டியிருந்தது. பார்த்ததையெல்லாம் அவரிடம் சொன்னாள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். வெளியே சந்தில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள், திரும்பியும் வந்தாள்.

"நான்தான் பொய் சொல்லிட்டேன்னு தெரியும் இல்ல உங்களுக்கு? நீங்க எதுக்கு மாமா கூட உக்காந்து குத்துனீங்க?"

"நீ தனியா உக்காந்து குத்திக்கிட்டு இருந்த. பாக்க ஒரு மாதிரியா இருந்துச்சு."

"மேல போய் ஏன் சாப்ட்டீங்க? என் சாப்பாடு சலிச்சுப் போச்சா?"

கிழவர் கொஞ்சம் நெளிந்தார். இதைச் சொல்லலாமா என்று யோசித்தது தெரிந்தது.

"மேல ஒரு கரண்டி சாப்ட்டு வந்தா, நீ கீழ ரெண்டு கரண்டி போடுவ. நெய்யும் விடுவ. அதான் போனேன்" என்றார்.

அவளுக்குக் கோபம் வந்தது. அதற்கு மேல் ஏதோ ஒன்று வந்து கோபத்தை அணைத்தது. எத்தனை சனிக்கிழமை வயிறெரிந்து நின்றிருப்பாள். சூடாமணி கொடுத்த பிடியை ஆய்ந்து, சின்னச் சட்டியில் கடைந்து, அவருக்கு மட்டும் போட்டாள். பிறகு எழுந்து, தன் வாசலைத் தாண்டி, மாடிப்படி ஏறினாள். அவள் அந்தப் படியில் கால் வைத்துப் பல மாதம் ஆகியிருந்தது.

நோரா தனியாக உட்கார்ந்து வெண்டைக்காய் பிரித்துக்கொண்டிருந்தாள். ஜொவிட்டா உட்காராமல், நிலைப்படியில் நின்றே எல்லாவற்றையும் சொன்னாள். வாய்க்கால், மருந்து, ஊசி. நடுவில் நிறுத்தினால் திரும்பிப் போய்விடுவோம் என்று தெரிந்திருந்ததால் நிறுத்தாமல் சொன்னாள். ஒரு காயை எடுத்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள் நோரா.

"ஊசின்னு தெரியும்" என்றாள் கடைசியில். "மொத வாரமே மாமி பெருமையா எடுத்துட்டு வந்து காட்டுனாங்க. எல்லா ஓட்டையும் ஒரே அளவு. பூச்சிக்கு அளவு தெரியுமா?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

நோரா கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள். கடல் பக்கத்திலிருந்து காற்று வந்து தரையில் கிடந்த காகிதத்தைப் புரட்டியது.

"சொல்லியிருந்தா நீ வீட்டுக்குள்ளயே மாட்டியிருப்ப. வேன்ல எல்லார் முன்னாடியும் மாட்டணும்னு இருந்தேன். ஒரு மாசம் ஜனங்க அத தின்னாங்க, டாடி தின்னாரு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் நெலத்த வந்து பாருன்னு கூப்டறவ நான்."

"உங்களப் பாத்தா எனக்கு வயிறு எரியுதுக்கா. இப்பவும்தான் எரியுது."

"எனக்கும்தான். எல்லாம் என்கிட்ட வாங்கிட்டு, ஜொவி கையால கடைஞ்சா எப்படி இருக்கும்னு என்கிட்டயே சொல்லிட்டுப் போவாளுங்க."

அவர்கள் கட்டிக்கொண்டு அழவில்லை. ஜொவிட்டா தரையில் உட்கார்ந்து, முற்றிய வெண்டைக்காய்களைத் தனியாக எடுத்துப் போட்டாள்.

குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து வேனுக்காகக் கூடியவர்களிடம் அவளே சொன்னாள். நோராவும் பக்கத்தில் நின்று, தெரிந்தே சும்மா இருந்ததைச் சொன்னாள். விசாலாக்ஷி மாமி தகவல் கேட்டு இரண்டு நாள் யார் முகத்திலும் விழிக்கவில்லை. சிலர் ஜொவிட்டாவை வைதார்கள், ஒருத்தி கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டாள். ஏமாந்துவிட்டோமே என்றுதான் எல்லாருக்கும் ஆத்திரம். எந்த நிலத்தில் விளைகிறது என்று நாமாக ஒரு நாள் கேட்டோமா என்று ஸ்டீவ் ஒருவன்தான் மெதுவாகச் சொன்னான். அவனை யாரும் லட்சியம் செய்யவில்லை. வேன் அமர்த்தியாகிவிட்டதே என்று அது அச்சிறுபாக்கத்துக்குப் போனது. முதல் தடவையாக ஜொவிட்டாவும் ஏறினாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள், மண்ணைக் கையில் எடுத்தாள். தண்ணீர் வாடையில்லாமல் இருந்தது. கோடையில் கீரை பாதிக்கு மேல் பூத்து முற்றியிருந்ததையும் பார்த்தாள்.

பெரிய வெள்ளிக்கு அந்த நிலத்துக் கீரை அண்டாவில் கால் பங்குக்குக்கூடக் காணாது. மிச்சத்தைக் கடையில் வாங்கிக் கலந்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நோரா முடியாது என்றாள். கிடைத்த கொஞ்சத்தையும் ஒரு சிலருக்கு மட்டும் போடுவதா என்று அதையும் ஒதுக்கி வைத்துவிட்டாள். அதைப் பார்த்து ஜொவிட்டாவுக்கு மறுபடி பொறாமையாக இருந்தது. அப்படி ஒரு வார்த்தையைச் சட்டென்று சொல்லத் தனக்கு வந்திருக்காது என்று நினைத்தாள். அந்த வருஷக் கஞ்சியில் கீரை இல்லை. அரிசி, பயறு, உப்பு, தேங்காய். ஜொவிட்டா அண்டா முன்னால் நின்று ஊற்றினாள். எங்கே கீரை என்று கேட்டவர்களுக்கெல்லாம், எங்க விளைஞ்சதுன்னு தெரிஞ்ச கீரை பத்தல என்று ஒரே பதிலைச் சொன்னாள். ருசி மட்டு என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அது உண்மைதான்.

ஆரோக்கியநாதன் அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார். வயதுதான் காரணம் என்றார்கள், கீரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடைசி மாதங்களில் அவர் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டார். நோராவின் அண்ணன் நிலம் இன்னும் இருக்கிறது, சனிக்கிழமை பைகள் இன்னும் வருகின்றன, விதியும் மாறவில்லை. வேனுக்கு ஆள் சேர்ப்பது இப்போது ஜொவிட்டா. அவளும் நோராவும் நெருக்கம் என்று சொல்ல முடியாது. விசாலாக்ஷி மாமி மகனோடு ஆதம்பாக்கத்துக்குக் குடிபோனாள். அங்கே கீரை எங்கே வாங்குகிறாள் என்று தெரியவில்லை. ஃபைசான் கீரையை விட்டுவிட்டுத் தண்ணீர் கேன் போடுகிறான். சூடாமணியின் குத்தகை நிலத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. ஜொவிட்டா ஒரு தடவை ஸ்டீவை அழைத்துக்கொண்டு தேடிப் போனாள். சூடாமணி இன்னும் தள்ளி, வேறு எங்கோ நிலம் பிடித்திருக்கிறாள் என்று மட்டும் பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள். எந்த ஊர், எந்தத் தண்ணீர் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அவள் கீரை மட்டும் நாள் தவறாமல் மார்க்கெட்டுக்கு வந்துவிடுகிறதாம்.